யாழ்ப்பாணத்து வெளிகளில் பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பறவை பார்க்கப் பழக விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த பைனாக்குலர் வாங்கலாம் என்றுதான். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் உங்கள் ஊரின் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை, பெருங்காடு என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. ஒக்டோபரில் தொடங்கும் மழை தை மாதத்தோடு ஓய்ந்துவிடும். மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும்தான். அந்தச் சில மாத மழை எங்கே தேங்குகிறது, எவ்வளவு ஆழம் நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வற்றுகிறது என்று கவனித்தால் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

எனக்குத் தொழில் வாட்டர் பம் திருத்துவது. வீடு கோப்பாயில். உரும்பிராய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று தோட்டம் தோட்டமாகப் போய்வருகிறேன். பம்மைத் திருத்தி ஓடவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் பழகியதுதான் இது. செம்மண் பாத்திக்குள் தண்ணீர் ஏறியவுடன் மண்ணுக்குள் கிடந்த பூச்சியும் புழுவும் மேலே வரும். மைனா இறங்கும். கொக்கு இறங்கும். மாரி காலமென்றால் வாலாட்டிக் குருவியும் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி பாத்தி வரம்பில் நடக்கும். வேறெங்கும் போகாமல் ஒரு வெங்காயத் தோட்டத்து வேலியோரம் நின்றே தொடங்கலாம்.

வளவுக்குள் இருப்பவை

முதல் மாதம் வீட்டு வளவை விட்டு வெளியே போகவேண்டாம். காலையில் ஆறு மணிக்கு விறாந்தையில் ஒரு தேத்தண்ணியோடு இருங்கள். அரை மணி நேரம் போதும். போனை உள்ளே வைத்துவிடுங்கள். புலுனிக் கூட்டம் வேலியோரச் சருகைக் கிளறிக்கொண்டு வரும். செண்பகம் கிணற்றடி வாழைக்குள் இருந்து குரல் கொடுக்கும். முருங்கைப் பூவில் தேன்சிட்டு, வேம்பில் குயில், பனை வட்டில் கிளி. இவையெல்லாம் தெரிந்த பறவைகள் என்று தட்டிவிடாதீர்கள். தெரிந்த பறவையை நன்றாகப் பார்த்துப் பழகினால்தான் தெரியாதது வரும்போது எதில் வித்தியாசம் என்று சொல்ல முடியும்.

வாரத்துக்கு ஒரு பறவை எடுத்துக்கொள்ளுங்கள். புலுனி என்றால், கூட்டத்தில் எத்தனை, எல்லாமே ஒரே நேரத்தில் இரை தேடுகின்றனவா, ஒன்று மேலே இருந்து காவல் பார்க்கிறதா, பூனை வந்தால் என்ன சத்தம் போடுகின்றன, பருந்து வந்தால் என்ன சத்தம். அந்த இரண்டு சத்தமும் பழகிவிட்டால், பிறகு நீங்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே புலுனிகள் மேலே வல்லூறு போகிறது என்று உங்களுக்குச் சொல்லிவிடும்.

எங்கள் வளவுகளில் இருக்கிற சில பறவைகளைத் தேடி தெற்கிலிருந்து ஆட்கள் இரவு பஸ் ஏறி வருகிறார்கள். இதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தென்னிலங்கையின் மரங்கொத்திக்கு முதுகு சிவப்பு. எங்கள் பனையில் கொத்துகிற மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. இடையில் வன்னிப் பக்கத்தில் கலந்த நிறத்துப் பறவைகளும் உண்டு. எங்களுடைய மரங்கொத்தியின் அறிவியல் பெயரின் கடைசிப் பகுதி யாழ்ப்பாணத்தின் பெயரில்தான் இருக்கிறது. மின்கம்பியில் இருந்து பூச்சிக்குப் பாய்கிற கரிய இரட்டைவால் குருவி, கழுத்தின் பின்புறம் மட்டும் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறா, முதுகில் செங்காவி ஏறிய நீள்வால் கீச்சான், பற்றைக்குள் இருந்து மூச்சு விடாமல் கத்துகிற கவுதாரி, பட்டணத்து மீன் சந்தைக்கு மேலே வட்டமிடுகிற ஊர்ப்பருந்து, இவற்றுக்கெல்லாம் இலங்கையில் வடக்கும் வடமேற்குக் கரையும்தான் முக்கியமான இடம். நாங்கள் தினமும் கடந்து போகிற பறவைகள் இவை.

பனை ஒரு தனி ஊர். காய்ந்த ஓலையின் அடியில் பனை உழவாரன் இறகையும் எச்சிலையும் சேர்த்து ஒட்டிச் சின்னக் கூடு வைக்கும். வட்டில்லாத மொட்டைப் பனையின் பொந்தில் கிளியும் மைனாவும் பனங்காடையும். பனங்காடை சும்மா இருக்கும்போது மண்ணிறம். பறக்கும்போது செட்டை முழுக்க நீலம். தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிற பனை ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் மாரி தொடங்கியதும் அங்கே போய்ப் பாருங்கள். மொட்டைப் பனையைத் தறிக்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கோ மின்கம்பிக்கோ ஆபத்தில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது செத்த மரமில்லை, ஐந்தாறு குடும்பம் இருக்கிற மரம்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

புதியவர்கள் எல்லோரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். “மஞ்சளாய் ஒரு குருவி பார்த்தேன், அது என்ன?” என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எங்கள் வெயிலில் நிறம் ஏமாற்றும். காலையில் மண்ணிறமாகத் தெரிவது உச்சி வெயிலில் வெள்ளையாகத் தெரியும், சூரியன் அதன் பின்னால் நின்றால் கறுப்பாகத் தெரியும். முதலில் பருமன். அடைக்கலக் குருவியை விடப் பெரிதா, மைனா அளவா, காகத்தை விடப் பெரிதா? பிறகு அலகு. கட்டையா, நீளமா, நேரா, மேலே வளைந்ததா, கீழே வளைந்ததா? பிறகு கால். அதற்குப் பிறகு நடத்தை. நடக்கிறதா தத்துகிறதா, ஓடி நின்று ஓடுகிறதா, தலையைத் தண்ணீருக்குள் விடுகிறதா? இவ்வளவும் மனதில் பதிந்தபின் நிறம்.

இதைப் பழக நல்ல இடம் வெள்ளைக் கொக்கு. எல்லாவற்றுக்கும் நிறம் வெள்ளைதான், ஆனால் நான்கு இனம். வயலில் மாட்டுக்கும் உழவு மெசினுக்கும் பின்னால் திரிவது உண்ணிக்கொக்கு. கழுத்துக் கட்டை, அலகு மஞ்சள், கட்டை. இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் ஏறும். கடல்நீரேரிக் கரையில் ஆட்டமாய் ஓடி ஓடி மீன் பிடிப்பது சின்னக் கொக்கு. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பிப் பிடிக்கும். தனியாக, அசையாமல், நெடுநேரம் நிற்பது பெரிய கொக்கு. அதன் கழுத்தில் ஒரு முறிவு தெரியும். இந்த மூன்றும் ஒரு வாரத்தில் பிடிபடும். நான்காவது நடுத்தரக் கொக்குதான் சிக்கல். பெரிய கொக்குக்கும் அதற்கும் எங்கள் குளிர்காலத்தில் அலகு மஞ்சள்தான். வாய்க்கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இதைத் தூரத்திலிருந்து சரியாகச் சொல்ல முடிந்த அன்று உங்கள் கண் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பைனாக்குலர்

சரி, இப்போது பைனாக்குலர். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். அது பெரிதானால் வெளிச்சம் கூட வரும், பாரமும் கூடும். 10 மடங்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். கை நடுங்கினால் அதுவும் 10 மடங்காகத் தெரியும். எங்கள் வெளிகளில் காற்று ஓயாது, நின்றுகொண்டு பிடிக்க 8 தான் நல்லது. 20 மடங்கு, 30 மடங்கு என்று மலிவாக விற்கும் சின்னப் பெட்டிகளைத் தொடவேண்டாம். படம் மங்கலாக இருக்கும், தலையிடி வரும்.

வாங்கியவுடன் ஒரு வேலை. வலது கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருப்பி இடது கண்ணுக்குப் படத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொடத் தேவையில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கண்குழியின் றப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும். பறவையைக் கண்டால் பைனாக்குலரைக் குனிந்து பார்க்காதீர்கள். கண் பறவையிலேயே இருக்கட்டும், கை மட்டும் மேலே வரட்டும். வீட்டு முற்றத்தில் தேங்காய்க் குலையை வைத்துப் பழகலாம். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக்கூடாது, கண் போய்விடும். கடற்கரையில் இருந்து வந்தபின் கண்ணாடியில் உப்புத் தூள் இருக்கும். முதலில் ஊதி அல்லது மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு அதன்பிறகுதான் துணியால் துடைக்க வேண்டும். நேரே துடைத்தால் கண்ணாடி கீறுப்படும்.

கமரா முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. கமரா இருந்தால் படம் எடுக்கத்தான் மனம் போகும், பறவை என்ன செய்கிறது என்று பார்க்க மனம் நிற்காது.

கடல்நீரேரியில் ஆழம் பார்த்தல்

வளவும் தோட்டமும் பழகியபின் கடல்நீரேரிக்குப் போங்கள். எங்களுக்குப் பெரிய செல்வம் அதுதான். கரையிலிருந்து நடுவுக்கு ஆழம் கூடிக்கூடிப் போகும், அந்த ஆழத்துக்கு ஏற்றபடி பறவைகளும் வரிசையில் நிற்கும். ஈரமான சேற்றில், தண்ணீரே இல்லாத இடத்தில் உப்புக்கொத்திகள். ஓடும், நிற்கும், ஒன்றைக் கொத்தும், திரும்ப ஓடும். சேறும் தண்ணீரும் தொடும் கோட்டில் கொசு உள்ளான். வடதுருவ வட்டாரத்தில் முட்டையிடும் அந்தப் பறவையின் நிறை முப்பது கிராமுக்கு உள்ளே, அது எங்கள் நாவற்குழிச் சேற்றில் வந்து நிற்கிறது. கணுக்கால் ஆழத்தில் பவளக்காலியும் பச்சைக்காலியும். அதற்கும் உள்ளே, வயிறு நனையும் ஆழத்தில், நீள நேர் அலகை முழுதாகச் சேற்றில் இறக்கும் கருவால் மூக்கன். சிவப்புக் குச்சிக் காலில் நெடுங்கால் உள்ளான். அப்பால் கரண்டிவாயன் தலையை இரு பக்கமும் வீசிக்கொண்டு நடக்கும். இன்னும் உள்ளே பூநாரை. மிதப்பவை வாத்துக்கள். மேலே பறந்து தண்ணீருக்குள் பாய்பவை ஆலாக்கள்.

இதைப் புரிந்துகொண்டால் எந்த மாதம் எங்கே போகவேண்டும் என்பதும் விளங்கும். கார்த்திகையில் கடல்நீரேரி நிரம்பி நிற்கும், அப்போது கட்டைக்கால் பறவைகளுக்கு அங்கே நிற்க இடமில்லை. அவை வெள்ளம் நிற்கும் வயலுக்கும், மாடு மேயும் வெட்டவெளியான தரவைக்கும் போய்விடும். நடுத் தண்ணீரில் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் நீலச்சிறகியும் இருக்கும். தைப்பொங்கல் கழிந்து மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற ஓரச்சேறு அகலும். வருடத்தில் மிகச் சிறந்த வாரங்கள் அவைதான். முதல் தடவை போகிறவர் மாசியில் போகட்டும். எங்கள் கடல்நீரேரியில் கடல் பெருக்கும் வற்றும் பெரிதாகத் தெரியாது. காற்றுத்தான் தண்ணீரை ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குத் தள்ளும். வாடைக்காற்று பலமாக அடித்த மறுநாள் நேற்றுச் சேறாக இருந்த இடம் இன்று தண்ணீராக இருக்கும்.

இடங்கள். பண்ணைத் தாம்போதியில் தொடங்குவதுதான் யாருக்கும் எளிது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். வீதி மேற்கே வேலணைக்குப் போகிறது, அதனால் காலையில் பட்டணத்திலிருந்து போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் சுத்தமாகத் தெரியும். இதே கணக்கால்தான் கோப்பாய்–கைதடிப் பாலத்துக்கு நான் மாலையில் போகிறேன். கோப்பாய்க் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் மாலைச் சூரியன் பின்னால். இதுதான் என் இடம். வேலை முடிந்து போகும் வழி என்பதால் மட்டும் அதைத் தேர்ந்தெடுத்தேன், நீங்களும் அப்படியே தேர்ந்தெடுங்கள். தூரத்தில் இருக்கும் சிறந்த இடத்துக்கு வருடத்தில் இரண்டு தரம் போவதைவிட, வீட்டுப் பக்கத்து சாதாரண இடத்துக்கு வாரம் ஒருதரம் போகிறவருக்குத்தான் பறவை பிடிபடும்.

வல்லை வெளி, பருத்தித்துறை வீதியில் போகிறவர்கள் எல்லோரும் காற்றைத் திட்டிக்கொண்டு கடக்கும் இடம். மாரியில் அங்கே மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி நில்லுங்கள். பூனைப்பருந்து உமரிப் பற்றைக்கு மேலே ஆளுயரத்தில், செட்டையை மேலே தூக்கி வைத்தபடி, தரையை முகர்வதுபோல் போகும். சரசாலைக் குருவிக்காட்டின் கண்டல் மரங்களில் பின்னேரம் நீர்ப்பறவைகள் அடையும். தொண்டைமானாறு, மண்டைதீவு, புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதி, காரைநகர்ப் பாலம் எல்லாமே நல்லவை. சுண்டிக்குளத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம் அது. போகமுதல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்டு, அனுமதிக்கும் வழியால் மட்டும் போங்கள்.

நேரம் பற்றி ஒரு முக்கியமான விடயம். காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெளியில் கானல் எழும்பும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும், பைனாக்குலரில் பார்த்தால் பறவை தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். விலை கூடிய பைனாக்குலரும் இதைத் தீர்க்காது. ஆறு முதல் எட்டரை, பின்னேரம் நான்கரைக்குப் பிறகு, அவ்வளவுதான். நடுப்பகலில் மர நிழலில் வளவுப் பறவையைப் பாருங்கள்.

பூநாரைக்குக் கிட்டப் போவது

பூநாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் குடும்பத்தோடு வான் பிடித்துப் போகிறோம். போகத்தான் வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் வீதியை விட்டு இறங்காதீர்கள். பூநாரை தலையைக் கீழ்மேலாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் நுண்ணிய இறால்களையும் பாசிகளையும் வடித்துத் தின்னும். அந்த உணவில் உள்ள நிறப்பொருள்தான் அதன் செட்டையில் செம்மையாகத் தெரிகிறது. வயிறு நிரம்ப அது பல மணிநேரம் இப்படி வடிக்க வேண்டும். இலங்கையில் அது கூடு கட்டுவதில்லை. எங்களுக்கு அண்மையில் அது பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் உப்பு வெளி. எங்களிடம் வருவது தின்னவும் இளைப்பாறவும்தான். பறக்கும் படம் வேண்டும் என்று கையைத் தட்டி எழுப்பினால் அன்றைய சாப்பாட்டை நாங்கள் பறிக்கிறோம். அதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், சொல்லியும் விடுவேன். ட்ரோன் அதைவிட மோசம்.

பறவை உங்களைக் கவனித்துவிட்டது என்பதற்கு அடையாளம், தின்பதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்துவது. ஒன்று நிமிர்ந்தால் நில்லுங்கள். பல நிமிர்ந்தால் பின்னால் வாருங்கள். இது பூநாரைக்கு மட்டுமல்ல, எல்லா நீர்ப்பறவைக்கும் பொருந்தும். நிற்பதைவிட இருப்பது நல்லது. மோட்டார் சைக்கிளுக்கு மறுபக்கத்தில் குந்தி இருந்தால் கால்மணி நேரத்தில் அவை உங்களை மறந்து கிட்ட வரும்.

கால் வைக்குமுன்

முகமாலைப் பக்கம், ஆனையிறவுக்குக் கிட்ட, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். மிதிவெடி அகற்றிய காணி என்று ஊரவர் உறுதியாகச் சொல்லும் இடத்திலும் மாடு நடந்த பாதையை விட்டு விலகவேண்டாம். படை முகாம், கடற்படை முகாம் பக்கம் பைனாக்குலரையும் கமராவையும் திருப்பாதீர்கள். யாராவது வந்து கேட்டால் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள், பறவைப் பெயர்கள் இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கடல்நீரேரிச் சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் கீழே முழங்கால்வரை இழுக்கும். தனியாக இறங்கக் கூடாது.

ஊரவரோடு பேசுங்கள். பைனாக்குலரோடு தரவையில் நின்றால் மாடு சாய்த்துவரும் பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். “என்ன தம்பி, காணி அளக்க வந்தனீங்களோ?” “இல்லை ஐயா, இதிலை நிக்கிற பறவையளைப் பாக்கிறன். நீங்களும் ஒருக்காப் பாருங்கோ.” பைனாக்குலரைக் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுத்தபிறகு அவர் சொல்லும் செய்தி எந்தப் புத்தகத்திலும் இராது. எந்தக் கேணியில் தண்ணீர் கடைசியாக வற்றும், சிறகி எங்கே இறங்கும், ஆட்காட்டி எந்தக் காணியில் முட்டை வைத்திருக்கிறது என்பதெல்லாம் மாடு மேய்க்கிறவருக்கும் கூடு கட்டி இறால் பிடிக்கிறவருக்கும்தான் தெரியும். வலை போட்டுக் கவுதாரியும் உள்ளானும் பிடிக்கிறவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். மிகச் சில இனங்கள் தவிர நாட்டின் பறவைகள் எல்லாவற்றுக்கும் 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பிடிக்கிற இடத்தைக் கண்டால் சண்டைக்குப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

எழுதி வைப்பது

சின்னக் கொப்பி, பென்சில். மழையில் பேனை மை கரையும். திகதி, நேரம், இடம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்த அளவு, பிறகு பறவையும் எண்ணிக்கையும். தண்ணீர் அளவுக்குப் பாலத்துத் தூணில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டால் நல்லது. இரண்டு மாரி கழிந்தபின் பார்த்தால் எந்த மட்டத்தில் எந்தப் பறவை வந்தது என்று உங்கள் கொப்பியே சொல்லும். பெயர் தெரியாத பறவையைக் கீறி வையுங்கள். கோழிமுட்டை போல ஒரு உடம்பு, அதில் அலகும் காலும் சரியான நீளத்தில் இருந்தால் போதும்.

பெருங்கூட்டத்தை எண்ணப் பயப்படவேண்டாம். முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவான துண்டு கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் என்றால் நூறு நூறாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

போனில் மெர்லின் என்ற செயலி இருக்கிறது, கோர்னெல் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருவது. இலங்கைப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத தரவையிலும் வேலை செய்யும். குரலைக் கேட்டும் பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதைப் பறவையைக் கண்ணால் கண்டபின் மட்டும் கொப்பியில் எழுதுங்கள். அதே பல்கலைக்கழகத்தின் ஈபேர்ட் தளத்தில் உங்கள் பட்டியலைப் பதியலாம், உலகில் எங்கிருந்தும் அதைப் பார்க்க முடியும். ஆட்காட்டியின் கூடு, ஆந்தை இருக்கும் பொந்து போன்றவற்றின் சரியான இடத்தை மட்டும் எங்கும் போடவேண்டாம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987 இல் இருந்து பல நாடுகளில் தொண்டர்கள் ஒரே மாதத்தில் எண்ணுவது. கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1976 இல் தொடங்கிய கள பறவையியல் குழுவிடம் கேட்டால் எப்படிச் சேர்வதென்று சொல்வார்கள். வடக்கில் எண்ணுவதற்கு ஆட்கள் இன்னும் வேண்டும்.

ஒக்டோபரில் வீட்டுக்குள் வரும் பறவை

மழை தொடங்கும் நாட்களில், காலையில் கதவைத் திறந்தால், நிலத்தில் ஒரு குருவி செயலற்று இருக்கும். பச்சை முதுகு, மண்ணிற வயிறு, வாலுக்குக் கீழே சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. அது ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து இரவில் கடல் கடந்து வந்து களைத்துப்போனது. நோய் பிடித்த பறவை என்று எறிய வேண்டாம், பூனைக்கும் விடவேண்டாம். காற்றுப் போக ஓட்டை போட்ட மட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துணி விரித்து உள்ளே விடுங்கள். பெட்டியை மூடி, இருட்டான அமைதியான மூலையில் வைக்கவேண்டும். வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுவாசக் குழாய்க்குள் போனால் செத்துவிடும். சோறு, பாண் ஒன்றும் வேண்டாம். இருட்டில் ஓய்வுதான் மருந்து. சில மணிநேரத்தில் பெட்டிக்குள் தத்தத் தொடங்கும். வளவுக்குள் மரமும் சருகும் உள்ள இடத்தில், காகம் அடங்கும் பின்னேரத்தில் திறந்துவிடுங்கள். செட்டை முறிந்திருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம். அடுத்த சில வாரங்கள் காலை, மாலை ஆறு மணிக்கு அதன் இரட்டை விசில் உங்கள் வளவிலிருந்தே கேட்கக்கூடும்.

கோடையில்

சித்திரை முடிய, வந்தவை அநேகமாகப் போய்விடும். கடல்நீரேரி வெடித்து உப்புப் பூக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று புழுதியை அள்ளி வரும். இனி மாரிக்குத்தான் பறவை என்று பலர் பைனாக்குலரைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த வெடித்த தரையில்தான் ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றும் இராது. ஒரு சின்னப் பள்ளம், நாலு சிப்பித் துண்டு, மண்ணின் நிறத்தில் முட்டை. மிதித்தபிறகுதான் தெரியும். ஆகவே கோடையில் தரவைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள், பந்தடிக்க இடம் தேடும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்தால் முட்டை காலடியில் இருக்கிறது. வந்த வழியாலேயே திரும்புங்கள். நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை எழும்பிய பத்து நிமிடத்தில் முட்டை அவிந்துவிடக்கூடும். வெளியின் ஓரத்தில் சாம்பல்தலை வானம்பாடி ஆண் நேரே மேலே ஏறிச் செங்குத்தாக விழுந்து விழுந்து எழும்பும், அதைப் பார்க்கத் தூரமே போதும்.

அப்படியே ஓகஸ்ட் வரை கண்ணை வைத்திருங்கள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே முதல் உள்ளான்கள் வந்துவிடும். மிச்சமிருக்கும் தண்ணீரில்தான் எல்லாம் நெருங்கி நிற்கும் என்பதால் தேடவும் எளிது. தொண்டைமானாற்றுப் பக்கமும் கடல் திறந்த வாய்களிலும் பாருங்கள். வளைமூக்கு உள்ளான் சிலவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக இருக்கும். சைபீரியாவில் கூடு கட்டியபோது இருந்த நிறம், இன்னும் உதிர்ந்து முடியவில்லை. மாசியில் நீங்கள் சாம்பலாகப் பார்த்த அதே இனம்தான். வருடத்தின் முதல் செங்கல் நிறப் பறவையைக் கண்ட திகதியைக் கொப்பியில் பெரிதாக எழுதி, கீழே தண்ணீர் தூணில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.